ரிசர்வ் டேங்க் நிறைந்திருந்தும் கொதித்துப்போன இன்ஜின்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு 2023 அக்டோபர் கடைசியில் ஒரு கார் வந்தது. புகார் சின்னதுதான்: மைலேஜ் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் உதறுகிறது. அந்த வேலை கடைசியில் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகத்தை, திறப்பதில் போய் முடிந்தது. சர்வீஸே செய்யாமல் போட்டு ஓட்டிய வண்டி என்றால் இதை எழுத அவசியமே இல்லை. இது ஒழுங்காக சர்வீஸ் ஆன வண்டி. பில்கள் எல்லாம் ஃபைலில் இருந்தன. அப்படியிருந்தும் எங்கே கோட்டை விட்டார்கள் என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் பட்டறைகளின் பெயர்களும் இதில் இல்லை.

வண்டியும் அதன் வரலாறும்

2016 மாடல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். உரிமையாளர் ஓர் ஆசிரியை. 2019-இல் 36,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது இரண்டாம் கையாக வாங்கினார். எங்களிடம் வரும்போது மீட்டர் 78,000-ஐத் தாண்டியிருந்தது. அன்றாடம் பள்ளிக்கு ஓட்டுவது அவர், வெளியூர் என்றால் கணவர்.

வாங்கிய நாளிலிருந்து ஒரே பட்டறையில் சர்வீஸ். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாறியிருக்கின்றன. ஏர் ஃபில்டர், பிரேக் பேட், ஒரு முறை பேட்டரி, ஒரு முறை நாலு டயர் என்று எல்லாமே காலத்தில் நடந்திருக்கின்றன. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் மட்டும் மாறவில்லை. முதல் உரிமையாளர் மாற்றினாரா என்பதற்கும் பில் இல்லை.

பில்களைத் தேதி வாரியாக மேஜையில் பரப்பியபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 2020, 2021, 2022 மூன்று வருட பில்லிலும் ‘கூலன்ட் டாப்-அப்’ என்று ஒரு வரி இருந்தது. அதே பில்களோடு இணைத்திருந்த சோதனைப் பட்டியலில் ‘கசிவு: இல்லை’ என்று டிக். இரண்டும் ஒரே தாளில் எப்படி இருக்க முடியும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கூலன்ட் ஓடும் பாதை முழுக்க மூடியது. ஆயிலைப் போல அது கொஞ்சம் எரிந்து குறையாது. ரிசர்வ் டேங்க்கில் இருந்து வருடங்களில் கொஞ்சம் ஆவியாகலாம், அவ்வளவுதான். வருடத்துக்கு வருடம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ போகிறது என்றுதான் பொருள்.

சர்வீஸுக்கு நடுவிலும் அளவு குறையும். அப்போதெல்லாம் கணவர் வீட்டிலேயே ஊற்றிவிடுவார். என்ன ஊற்றினார் என்று கேட்டோம். ‘போர் தண்ணிதாங்க. சுத்தமாத்தான் இருக்கும்’ என்றார். சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில் இருந்திருந்தால்கூடக் கெடுதல் கொஞ்சம் குறைந்திருக்கும். அவர்கள் இருப்பது நகரத்தின் வெளிவட்டத்தில், குளியலறைக் குழாயில் வெள்ளையாக உப்புப் படியும் பகுதி.

2023 தொடக்கத்தில் ஒரு மாற்றம். ரிசர்வ் டேங்க்கில் அளவு குறைவது நின்றுவிட்டது. ‘இப்பெல்லாம் தண்ணி குறையறதே இல்லைங்க, தானா சரியாயிருச்சு’ என்று அவர் எங்களிடம் சொன்னது நினைவிருக்கிறது. இந்த வழக்கில் முக்கியமான தடயமே அதுதான். அவரைப் பொறுத்தவரை அது நல்ல செய்தியாக இருந்தது.

மலைப்பாதையில்

செப்டம்பர் கடைசி, காலாண்டு விடுமுறை. நாலு பேர், பின்னால் நிறைய சாமான், ஊட்டிக்குக் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் கணவர் பானெட்டைத் திறந்து ஆயில், கூலன்ட், வைப்பர் தண்ணீர் மூன்றையும் பார்த்திருக்கிறார். ரிசர்வ் டேங்க் ‘ஃபுல்’ கோட்டில் இருந்தது. பார்க்காமல் போயிருந்தால் அது வேறு விஷயம். பார்த்துவிட்டுத்தான் போனார்.

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850 மீட்டர் அளவில். கல்லாறு தாண்டியதும் ஏற்றமும் கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கிவிடும். அன்று விடுமுறைக் கூட்டம். முன்னால் பஸ், பின்னால் வரிசை, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து ஏற வேண்டியிருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்கு வேலை அதிகம், ரேடியேட்டருக்கு முகத்தில் அடிக்கும் காற்று இல்லை, ஃபேன் மட்டும்தான் துணை.

இந்த காரில் வெப்பநிலையைக் காட்டும் முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, எல்லை மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமில்லை. பர்லியாறுக்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பு எரிந்திருக்கிறது. ஒதுங்க இடமில்லாத வளைவு, பின்னால் ஹார்ன். ஏ.சி.யை அணைத்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் போல ஓட்டிப்போய்த்தான் நிறுத்த முடிந்தது. அந்தச் சாலையை அறிந்தவர்கள் இதற்காக அவரைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் சேதம் பெரும்பாலும் அந்த இரண்டு கிலோமீட்டரில் நடந்திருக்க வேண்டும்.

நிறுத்தியபோது ரேடியேட்டர் மூடியைச் சுற்றி ஆவி அடித்திருக்கிறது. ரிசர்வ் டேங்க்கில் ஒரு குமிழிகூட இல்லை. இதைக் கணவர் தெளிவாக நினைவு வைத்திருந்தார். ‘டேங்க் அமைதியா, பச்சையா, அப்படியே இருந்துச்சுங்க. அதான் கூலன்ட் பிரச்சினை இல்லைன்னு நினைச்சேன்.’ மூடியைத் திறக்கப் போனவரை, அருகே டீக்கடையில் இருந்தவர் ‘அண்ணா, கை வெந்துரும், விடுங்க’ என்று தடுத்திருக்கிறார். நல்ல வேளை. முக்கால் மணி நேரம் கழித்துத் துணி போட்டுத் திறந்தார்கள். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றியதும் நிறைந்தது. மேலே ஏறாமல் கீழே இறங்கத் தீர்மானித்தார்கள். இறக்கத்தில் இன்ஜினுக்குச் சுமை குறைவு. அந்த நிலையில் அது சரியான முடிவு.

மேட்டுப்பாளையத்தில் செய்த வேலை

அங்கே ஒரு சாலையோர மெக்கானிக் பார்த்துவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிவிட்டது என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டார். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் நிரப்பினார். வண்டி கோயம்புத்தூர் வரை ஒரு தொந்தரவும் இல்லாமல் வந்தது. பிரச்சினை தீர்ந்ததாக வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. குடும்பத்தோடு நடுவழியில் நிற்பவர்களை வீடு சேர்க்க அவருக்குத் தெரிந்த வழி அது. கிளம்பும்போது ‘ஊருக்குப் போய் புதுசு போட்டுக்கங்க சார்’ என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார். கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறார். அது காரின் டேஷ்போர்டு பெட்டியிலேயே கிடந்தது. வண்டி நன்றாக ஓடியதால் அந்த வார்த்தை மறந்துபோனது.

இடைப்பட்ட வாரங்கள்

அடுத்த சில வாரங்களில் மூன்று அறிகுறிகள் தெரிந்தன.

முதலாவது மைலேஜ். நகரத்துக்குள் லிட்டருக்கு 15 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 12-க்கு இறங்கியது. இரண்டாவது, காலையில் நீல விளக்கு வெகு நேரம் அணையாமல் எரிந்தது, சில நாள் பள்ளி போய்ச் சேரும் வரைகூட. ‘நீலம்னா கூலா இருக்குன்னு தானேங்க அர்த்தம்? மலையில சூடானதுக்கு இது நல்லதுன்னு விட்டுட்டோம்’ என்றார் ஆசிரியை. மூன்றாவது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி உதறல், அதோடு வெள்ளைப் புகை. அக்டோபர் காலை, குளிர் என்று நினைத்தார்கள். பழைய பட்டறையில் பிளக் நாலையும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் சரியாக இருந்ததுபோல் தோன்றி, மறுபடி அதே உதறல்.

நீல விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்ஜின் குளிர்ச்சியாக இருப்பது நல்லது என்ற எண்ணம் ரொம்பப் பரவலானது, சில மெக்கானிக்குகளிடமும் உண்டு. சாதாரணமாக இன்ஜின் தண்ணீர் 85 முதல் 95 டிகிரி வரை இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரி வரை மூடியிருந்து, இன்ஜினைச் சீக்கிரம் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவருகிறது. அதைக் கழற்றிவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றும், சூடு ஏறாது. இன்ஜின் இன்னும் குளிரில்தான் இருக்கிறது என்று ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து ஆயில் நீர்த்துப்போகும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்கே சரியாகப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, நெருக்கடியில் இன்னும் சூடாகும். எப்படிப் பார்த்தாலும் அது நிரந்தர வைத்தியம் இல்லை.

எங்களிடம் வந்தபோது பார்த்தவை

வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டுப் போகச் சொன்னோம். காலைப் புகார் இருக்கும் வண்டியைக் காலையில் ஆறிய நிலையில் பார்க்காவிட்டால் பாதி விஷயம் தெரியாது.

காலையில் முதலில் ரிசர்வ் டேங்க்: ‘ஃபுல்’ கோட்டில், வெளிர் பச்சை, தெளிவு. அடுத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். உள்ளே செம்மண் நிறத் தண்ணீர், அதுவும் கழுத்திலிருந்து நன்றாகக் கீழே. டேங்க்கிலும் ரேடியேட்டரிலும் இருக்க வேண்டியது ஒரே திரவம். சூடேறும்போது விரிந்து டேங்க்குக்குப் போய், ஆறும்போது உறிஞ்சப்பட்டுத் திரும்பி வர வேண்டியது. இங்கே ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் போக்குவரத்தே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தோம். அதில் இரண்டு வேலை உண்டு. ஒன்று, அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. இந்த வண்டிக்கு 1.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). இன்னொன்று, ஆறும்போது டேங்க்கிலிருந்து கூலன்ட் திரும்ப வர நடுவில் உள்ள சிறு வால்வு வழியாக வழிவிடுவது. இந்த மூடியின் ரப்பர் வளையங்கள் கல்லாக இறுகி வெடித்திருந்தன. சோதனைப் பம்பில் மாட்டியபோது 0.4 பாருக்கு மேல் நிற்கவில்லை. கழுத்திலிருந்து டேங்க்குக்குப் போகும் சுண்டுவிரல் தடிமனுள்ள ஹோஸை ஊதிப் பார்த்தால் காற்றே போகவில்லை. உப்பும் துருவும் சேறாக அடைத்திருந்தது.

இப்போது ‘தண்ணி குறையறதே இல்லை’ என்பதன் பொருள் புரிந்தது. கசிவு நிற்கவில்லை. டேங்க் துண்டிக்கப்பட்டுவிட்டது. ஆறும்போது ரேடியேட்டர் கூலன்ட்டுக்குப் பதிலாக, வெடித்த ரப்பர் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டது. டேங்க் நிறைந்தபடியே இருக்க, ரேடியேட்டர் மாதக் கணக்கில் காலியாகிக்கொண்டிருந்தது.

கசிவு எங்கே? கைப்பம்பால் 1 பார் அழுத்தம் ஏற்றினோம். முள் மெதுவாக இறங்கியது. வாட்டர் பம்பின் அடியில், உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் வெளியே வந்து காட்டிக்கொடுப்பதற்காகவே ஒரு சிறு துளை இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பொருக்கு. சொட்டுச் சொட்டாக வந்து சூட்டிலேயே காய்ந்துவிடுகிற கசிவு. தரையில் ஈரம் தெரியாது. 2020 பில்லில் இருந்த டாப்-அப் இதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில், ஓடும்போது பார்த்த வெப்பநிலை சமதளச் சாலையில் 60 முதல் 65 டிகிரி. தெர்மோஸ்டாட் இல்லாத வண்டிக்கு அது எதிர்பார்த்ததுதான். கவரில் கிடந்த பழைய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டு அடுப்பில் வைத்தோம். 82 டிகிரியை ஒட்டி அழகாகத் திறந்தது, ஆறியதும் மூடியது. பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பிளக்குகளைக் கழற்றினால் மூன்று புதிய பிளக்குகளில் லேசான பழுப்பு, மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் கழுவித் துடைத்தது போல வெள்ளை. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ஏறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், மற்ற மூன்றிலும் 13 பாரை ஒட்டி இருந்தது, மூன்றாவதில் 10-க்குக் கீழ். அழுத்தத்தை ஏற்றிய நிலையில் வண்டியை ஓர் இரவு வைத்து, காலையில் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். மூன்றாவது துளையிலிருந்து தண்ணீர்த் தூறல். ரேடியேட்டர் கழுத்தில் வைத்த சோதனைக் குழாயில் நீலத் திரவம் மஞ்சளானது. எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று இதற்கு மேல் நிரூபிக்க ஒன்றுமில்லை.

ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். ஆயில் ஸ்டிக் சுத்தமாக இருந்தது. பால் கலந்தது போன்ற நிறம் துளியும் இல்லை. ‘ஆயில் நல்லாருக்கு, கேஸ்கெட் இருக்காது’ என்று பழைய பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். கேஸ்கெட் எந்த இடத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது அது. தண்ணீர்ப் பாதைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மட்டும் போனால் ஆயிலில் ஒன்றும் தெரியாது.

கேஸ்கெட் காரணமா, விளைவா

பட்டறையில் இதைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. கேஸ்கெட் முன்பே போயிருந்து அதனால் மலையில் சூடானதா, சூடானதால் கேஸ்கெட் போனதா? மூத்த மெக்கானிக் முதலாவது பக்கம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் பட்டது. மலைக்குப் போவதற்கு முன் காலை உதறலோ வெள்ளைப் புகையோ இல்லை, மைலேஜும் சரியாக இருந்தது. மலைக்குப் போவதற்கு முன்பே தண்ணீர் குறைவதற்கான காரணமும் பம்பில் கைமேல் கிடைத்துவிட்டது.

கணக்கும் அதற்குப் பொருந்துகிறது. பர்லியாறு 800 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டும் 1.1 பார் பிடிக்கும் மூடியும் இருந்தால் கொதிநிலை 125-க்கு மேல் போய்விடும். இந்த வண்டியில் இருந்தது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், 0.4 பார் மூடி. 107 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதாவது ஏறக்குறைய 20 டிகிரி பாதுகாப்பு ஏற்கெனவே பறிபோயிருந்தது. அதற்கு மேல் தண்ணீரும் குறைவு. வெப்ப சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும், ஆவிக்குள் இருந்தால் தாமதமாகத்தான் விழிக்கும். சிவப்பு விளக்கு எரிந்தபோது ஹெட் ஏற்கெனவே எல்லை மீறியிருக்கலாம்.

முன்வைத்த வழிகள், எடுத்த முடிவு

கணவரின் முதல் கேள்வி நியாயமானது: ‘வண்டி ஓடிட்டுத்தானேங்க இருக்கு, இப்பவே ஹெட்டைத் திறக்கணுமா?’ ஓட்டலாம், ஆனால் சிலிண்டருக்குள் வரும் தண்ணீர் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். ஒரு நாள் இரவில் அதிகமாக இறங்கிவிட்டால், காலையில் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். அப்போது ஹெட் வேலை முழு இன்ஜின் வேலையாகிவிடும் என்று சொன்னோம்.

கசிவை அடைக்கும் திரவம் பாட்டிலில் கிடைக்கிறதே, அதை ஊற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்டார். விற்றுவிட நினைப்பவர்கள் ஊற்றுவது அது. வைத்து ஓட்டப்போகிற வண்டிக்கு, ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும் ரேடியேட்டரில் இன்னும் அடைப்பைச் சேர்ப்பதை நாங்கள் விரும்பவில்லை. அவ்வாறே சொல்லிவிட்டோம். படங்களையும் அளவுகளையும் கொடுத்து வேறு இடத்திலும் கேட்டுப்பார்க்கச் சொன்னோம். கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

முடிவானது இதுதான்: ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், மூடி, ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்றுவது. தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தும் ஏன் மாற்ற வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். தெர்மோஸ்டாட்டைத் திறந்து மூடுவது அதனுள் இருக்கும் மெழுகு உறுப்பு; ஒருமுறை அந்தச் சூட்டைப் பார்த்த அதை மறுபடி நம்பி உள்ளே வைக்க மனம் வரவில்லை. விலையும் மொத்தச் செலவில் ஒரு தூசு.

பிரித்தபோது

ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பாதையில் வெள்ளைப் படிவு கனமாக இருந்தது. கடின நீரின் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். படிந்த இடத்தில் வெப்பம் தண்ணீருக்கு மாறாது. கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. ஒவ்வொரு முறை வெறும் தண்ணீர் ஊற்றும்போதும் அவையும் நீர்த்துப்போயிருக்கின்றன. அலுமினிய ஹெட்டின் ஓரங்களில் அரிப்புக் குழிகள். கேஸ்கெட் மூன்றாவது சிலிண்டர் ஓரத்தில் கறுத்துப் பிளந்திருந்தது.

நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜால் அளந்ததில் ஹெட்டின் வளைவு 0.12 மில்லிமீட்டர். இந்த வகை இன்ஜினுக்கு 0.05 வரைதான் அனுமதி. லேத் பட்டறைக்கு அனுப்பி, முதலில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்தார்கள். விரிசல் இல்லை. அப்புறம் முகத்தைச் சமன் செய்தார்கள். வால்வுகளையும் உட்கார வைத்து வாங்கினோம். ஹெட் போல்ட்டுகள் முறுக்கும்போது நீண்டுவிடும் வகை. பழையதைத் திரும்பப் போடவில்லை.

அடைத்த ரேடியேட்டர் குழாய்களைக் கம்பியால் குத்தித் திறக்கும் பழக்கம் பித்தளை ரேடியேட்டர் காலத்தோடு போய்விட்டது. இது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு அடைத்திருந்தது. புதிதுதான் போட்டோம். பிளாக்கைப் பல முறை அலசி, நிறம் தெளிந்த பிறகு, நிறுவனம் சொல்லும் வகைக் கூலன்ட்டை ஏற்கெனவே கலந்த நிலையில் வாங்கி நிரப்பினோம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினோம்.

மொத்த பில் 34,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. கூலன்ட் மாற்று, மூடி, சிறு ஹோஸ், வாட்டர் பம்ப் நான்கையும் 2020-இலேயே செய்திருந்தால் ஐந்தாயிரத்தைச் சுற்றி முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு

கோத்தகிரிச் சாலையில் ஸ்கேனரை மாட்டி ஏ.சி. போட்டபடி ஏறிப் பார்த்தோம். வெப்பநிலை 88-க்கும் 96-க்கும் நடுவில் நின்றது. ஓர் இடத்தில் மட்டும் 99 தொட்டு, ஃபேன் வேகம் கூடியதும் இறங்கியது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை ஆயிலை மாற்றினோம், பெட்ரோல் கலந்து நீர்த்தது உள்ளே தங்க வேண்டாம் என்று. மைலேஜ் பழையபடி 15-க்குத் திரும்பியது. காலை உதறல் போய்விட்டது.

2024 ஏப்ரலில் வந்தபோது ரிசர்வ் டேங்க்கில் கீறி வைத்த கோட்டிலேயே அளவு இருந்தது. இந்த முறை ரேடியேட்டரையும் திறந்து பார்த்தோம். கழுத்து வரை நிறைந்து, டேங்க்கில் உள்ள அதே நிறம். எல்லாமே முழுசாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷன் மற்றவற்றைவிட 1 பார் குறைவு. ஆயில் முன்பு குறையாத வண்டியில் இப்போது 5,000 கிலோமீட்டருக்கு 300 மில்லி போலக் குறைகிறது. அந்தச் சூட்டில் பிஸ்டன் வளையங்களும் கொஞ்சம் அடிவாங்கியிருக்க வேண்டும். அதற்காக இப்போது இன்ஜினைத் திறக்கத் தேவையில்லை, மாதம் ஒரு முறை ஸ்டிக் பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறோம்.

மாற்றிக்கொண்டவை

அந்த வீட்டில்: கார் ஆறியிருக்கும் காலையில், மாதத்துக்கு ஒரு முறை டேங்க்கையும், மூடியைத் திறந்து ரேடியேட்டரையும் பார்க்கிறார்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைப்பதில்லை. கலந்த கூலன்ட் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கிறது. போர் தண்ணீர் கிடையாது. அவசரத்துக்கு ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கிடைக்கும் எந்தச் சுத்தமான தண்ணீரையும் ஊற்றலாம், ஊர் வந்ததும் முழுதாக வடித்து மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். முள் இல்லாத குறைக்கு, காரின் கோளாறுகளைக் கண்டறிய உள்ள சாக்கெட்டில் சொருகும் ஒரு சிறு கருவியை வாங்கி, மலை ஏறும்போது மட்டும் போனில் வெப்பநிலையைப் பார்க்கிறார் கணவர்.

மலையில் மறுபடி சூடு ஏறினால் என்ன செய்வது என்றும் கேட்டார். முதலில் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் வைக்க வேண்டும். உள்ளே வெந்துபோகும்தான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஒதுங்க இடம் கிடைக்கும் வரைக்கும் அது கொஞ்சம் தாங்கும். சிவப்பு விளக்கோ ஆவியோ வந்துவிட்டால் கிடைத்த முதல் இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹெட் வெடிக்கும்.

எங்கள் பட்டறையில்: ஜாப் கார்டில் ‘கூலன்ட் சரி’ என்ற டிக் கட்டத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் டேங்க் அளவு, ரேடியேட்டர் அளவு, இரண்டின் நிறம், எத்தனை மில்லி ஊற்றப்பட்டது, கடைசியாக மாற்றிய கிலோமீட்டர் என்று எழுத வேண்டும். ஊற்றிய அளவு எழுதப்பட்டால் அதே வண்டிக்கு அழுத்தச் சோதனை கட்டாயம். இரண்டாம் கை வண்டி முதல் முறை வந்தால், பழைய பில் இல்லாத பட்சத்தில் கூலன்ட் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்கிறோம்.

எல்லா வண்டியிலும் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதற்கு மெக்கானிக்குகள் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி சூடாக வருகிறது, ஆறும் வரை காத்திருக்க நேரமில்லை, கை வேகும். அதுவும் சரிதான். அதனால் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை மட்டும் முந்தின நாள் மாலை விடச் சொல்கிறோம். விட முடியாதவர்களுக்கு ஜாப் கார்டில் ‘ரேடியேட்டர் பார்க்கவில்லை’ என்று எழுதியே கொடுக்கிறோம்.